சாரத்துக்குள் மறைக்க வேண்டாம்: விதைப்பையில் நீர் கட்டினால் செய்ய வேண்டியவை

என் பெரியப்பா ஏழு வருடம் இதை மறைத்தார். முதலில் சைக்கிள் ஓடுவதை விட்டார், முழங்கால் வலி என்றார், நாங்களும் நம்பினோம். பிறகு கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டார், யாராவது வீட்டுக்கு வந்தால் மடியில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டுதான் கதிரையில் இருப்பார். வயல் வரம்பில் கால்களை அகட்டி அகட்டி நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாதான் ஒருநாள் மறித்துக் கேட்டார். அப்போது அது உரித்த தேங்காய்ப் பருமனுக்கு வந்திருந்தது. ஒப்பரேசன் முடிந்து மூன்றாம் மாதம் அவர் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளை எடுத்து டியூபுக்கு ஒட்டுப் போட்டார்.

நான் டொக்டர் இல்லை. பெரியப்பாவையும், பிறகு என் மகனையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு அலைந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வாசித்து உறுதிப்படுத்தியதையும்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே வைத்தியம் பார்ப்பதற்காக அல்ல, வெட்கத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக.

உள்ளே என்னதான் நடக்கிறது

ஓதம், அண்டவாதம், விதை வீக்கம் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். கிளினிக் கொப்பியில் ஹைட்ரோசீல் என்று எழுதுவார்கள். விதையைச் சுற்றி இரண்டு படையுள்ள மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு படைக்கும் நடுவில் எல்லா ஆண்களுக்குமே கொஞ்சம் நீர் உண்டு, விதை உரசாமல் வழுக்கி அசைவதற்கு அது வேண்டும். உறை நீரைச் சுரந்துகொண்டே இருக்கும், உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். குளத்துக்கு வரத்தும் துருசால் போகிற தண்ணீரும் சமமாக இருக்கும்வரை மட்டம் ஏறாது அல்லவா, அதே கணக்குத்தான். வரத்துக் கூடினாலோ போக்குக் குறைந்தாலோ நீர் கட்டத் தொடங்கும். மெதுவாகத்தான் கட்டும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். பெரும்பாலும் வலி இருக்காது, பாரம்தான் இருக்கும், அதுவும் பின்னேரமாகும்போது கூடும். வலிக்காததால்தான் ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

ஏன் வந்தது என்று கேட்டால், நாற்பது வயது தாண்டிய பலருக்குக் காரணமே அகப்படாது. சிலருக்கு அடிபட்ட பிறகு வரும். விதையிலோ அதன் பின்பக்கத்துக் குழாயிலோ கிருமித் தொற்று வந்து போன பிறகும், குடலிறக்கத்துக்கு (குடல் தன் இடத்தை விட்டுத் தொடைச் சந்துப் பக்கம் பிதுங்குவது) ஒப்பரேசன் செய்த பிறகும் வரலாம். மிகக் குறைவாக, விதைக்குள் ஒரு கட்டி இருந்து அதைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கும். அந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான், வலிக்கவே இல்லை என்றாலும் ஒருமுறை காட்டியே ஆகவேண்டும் என்கிறேன்.

நெல் மூட்டை தூக்கினதால் வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பாரம் தூக்குவது குடலிறக்கத்துக்கு வழிவிடும், ஓதத்துக்கு அல்ல. கெட்ட வழிக்குப் போனவனுக்கு வரும் வருத்தம் என்ற பேச்சும் இருக்கிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெரியப்பா வாய் திறக்கவில்லை. பிறந்த குழந்தைக்கே வருகிற ஒன்றை அப்படிச் சொல்வது அநியாயம்.

யானைக்கால் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நோயைத் தருகிற, நுளம்பால் பரவும் புழுவும் விதைப்பையில் நீர் கட்டவைக்கும், உலகத்தின் பல இடங்களில் பெரிய ஓதங்களுக்கு அதுதான் காரணம். இலங்கையில் அது இருந்தது மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான், எங்கள் வன்னி அந்தப் பட்டியலில் இல்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனமும் இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போய்விட்டது என்று உறுதிப்படுத்தியது. ஆனால் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் நீண்டகாலம் வேலை செய்தவர்கள், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்தவர்கள் அதை டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் இரவில்தான் ஓடும் என்பதால் சோதனைக்கு இரவில் இரத்தம் எடுப்பார்கள், ஏன் இந்த நேரத்தில் என்று குழம்ப வேண்டாம்.

வீட்டில் பார்க்கக்கூடியது

குளித்து முடித்த கையோடு பாருங்கள், வெந்நீரில் குளித்தால் இன்னும் நல்லது, தோல் தளர்ந்திருக்கும். முதலில் நின்றபடி, பிறகு பாயில் படுத்தபடி. வீக்கத்துக்கு மேலே, தொடைச் சந்துக்குக் கிட்ட, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில் மெல்லிய கயிறு மாதிரி ஒன்றுதான் அகப்படுகிறது, வீக்கம் அதற்குக் கீழேதான் தொடங்குகிறது என்றால், அது விதைப்பைக்குள்ளேயே இருக்கிற விஷயம். விரலுக்கு மேலேயும் வீக்கம் வயிற்றுப் பக்கம் ஏறிப் போனால், இருமும்போது கையைத் தள்ளினால், படுத்தவுடன் உள்ளே போய்விட்டால், குடலிறக்கமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும்.

அடுத்தது வெளிச்சம். அறையை நன்றாக இருட்டாக்குங்கள், யன்னலுக்குப் போர்வை போட்டாலும் சரி. போனில் உள்ள டோர்ச் போதும். வீக்கத்தின் பின்பக்கத்தில் தோலோடு ஒட்டினாற்போல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தைப் பாருங்கள். சின்ன வயதில் டோர்ச்சை உள்ளங்கையால் பொத்தி விரல்கள் சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேபோல் வீக்கம் முழுக்க ஒரு செம்மஞ்சள் ஒளி பரவும், நடுவிலோ பின்பக்கமோ ஒரு நிழல் தெரியும், அது விதை. பெரியப்பாவுக்கு டொக்டர் இதைச் செய்து காட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். இருட்டில் ஒரு சின்ன விளக்குக் கூடு மாதிரி இருந்தது. அவரே குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர்தானா என்று இரண்டு முறை கேட்டார்.

ஒளி பாய்ந்தால் உள்ளே தெளிந்த நீர் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த நீருக்குள் விதை சுகமாக இருக்கிறதா என்பதை டோர்ச் சொல்லாது. பாயாவிட்டால் குடலாகவோ இரத்தமாகவோ கட்டியாகவோ இருக்கலாம், பழைய ஓதத்தில் உறை தடித்துப் போயிருந்தாலும் பாயாது. கைக்குழந்தைகளுக்குக் குடல் மெல்லியது என்பதால் குடலிறக்கத்திலும் ஒளி பாயும். ஆகவே குழந்தைக்கு இந்தச் சோதனையை நம்பி இருக்க வேண்டாம்.

இரண்டு காலும், முகமும், வயிறும் சேர்ந்து வீங்கி, அதோடு விதைப்பையும் ஊதியிருந்தால் அது வேறு கதை. கிட்னி, இருதயம், ஈரல் மூன்றில் ஒன்று களைத்துப் போனதால் உடம்பு முழுக்க நீர் கட்டுகிறது. வவுனியாவிலும் அதைச் சுற்றியும் கிட்னி வருத்தம் எவ்வளவு பேரைத் தின்றிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படியானால் உடனே ஓபிடிக்குப் போய்ச் சிறுநீர், இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத நேரங்கள்

திடீரென்று, நித்திரையில் இருந்து எழுப்புகிற மாதிரி, ஒரு பக்க விதையில் தாங்க முடியாத வலி வந்து சத்தியும் வந்தால் விதை தன் கயிற்றிலேயே முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால்தான் விதையைக் காப்பாற்றப் பெரும்பாலும் முடியும். இது கூடுதலாக வருவது பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பொடியன்களுக்கு, அவர்கள்தான் வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். அடிவயிறு நோகிறது அம்மா என்று மட்டும் சொல்லுவார்கள். ஆகவே அடிவயிற்று வலி என்று பொடியன் சுருண்டு கிடந்தால் தகப்பனோ மாமனோ தனியாகக் கூப்பிட்டுக் கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள், குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்காதீர்கள், உடனே ஒப்பரேசன் தேவைப்படலாம். 1990 க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். உட்கிராமத்தில் வாகனம் வந்து சேர நேரமாகும் என்றால், இருக்கிற ஓட்டோவில் ஏற்றிப் பிரதான வீதிக்குக் கொண்டு வந்து எதிர்கொள்ளுங்கள்.

குடலிறக்கம் உள்ளே போகாமல் கல்லுப்போல இறுகி வலித்து, சத்தியும் வயிற்று ஊதலும் சேர்ந்தால் அதுவும் இதே அவசரம்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கு விதைப்பைத் தோல் சிவந்து, வலித்து, கறுத்து, நாற்றம் வரத் தொடங்கினால் அது மணிக்கணக்கில் பரவி உயிரை எடுக்கக்கூடிய தொற்று. வரப்பில் நின்றாலும் அப்படியே புறப்பட்டுப் போங்கள்.

காய்ச்சல், சலம் போகும்போது எரிவு, மெதுவாகக் கூடுகிற வலியும் வீக்கமும் என்றால் கிருமித் தொற்றாக இருக்கும், அன்றைக்கே காட்ட வேண்டும். இளம் வயதில் இது பால்வினைத் தொற்றாலும் வரும், டொக்டர் மனைவியையும் கூட்டிவரச் சொன்னால் கோபப்படாதீர்கள், இரண்டு பேருக்கும் மருந்து கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். கூகைக்கட்டு வந்து ஒரு கிழமைக்குள் விதை வீங்கினாலும் காட்டுங்கள்.

கைக்குழந்தைக்கு வந்தால்

என் மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாளே இடப்பக்கம் வீங்கியிருந்தது, மனைவி அழுதுவிட்டா. தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் குழந்தையின் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன, கடைசி மாதங்களில் ஒரு சின்னப் பாதை வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்தப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். மூட நாளெடுத்தால் வயிற்று நீர் கசிந்து கீழே தேங்கும். ஆகவே சில குழந்தைகளுக்குக் காலையில் சின்னதாகவும் ஓடி விளையாடிய பின் பின்னேரத்தில் பெரிதாகவும் இருக்கும், அப்படி மாறினால் பாதை இன்னும் திறந்திருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே வற்றிவிடும். மகனுக்கு ஒன்பதாம் மாதம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது இல்லவே இல்லை.

அதுவரை செய்ய வேண்டியது குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிப் பதிந்து வைப்பதும், ஒரு முறை டொக்டருக்குக் காட்டிக் குடலிறக்கம் இல்லை என்று உறுதிப்படுத்துவதும்தான். எண்ணெய் பூசி அமுக்கி விடுவது, அரைஞாண் கயிற்றில் எதையாவது கட்டி இறுக்குவது எதுவும் வேண்டாம். ஒன்று இரண்டு வயது தாண்டியும் இருந்தால், அல்லது தொடைச் சந்தில் அழும்போது புடைத்தால், சின்ன ஒப்பரேசன் செய்து அந்தப் பாதையைக் கட்டிவிடுவார்கள். பிள்ளைகளுக்குத் தொடைச் சந்தில்தான் வெட்டுவார்கள், விதைப்பையில் அல்ல.

ஆஸ்பத்திரியில்

பக்கத்து ஆஸ்பத்திரி மல்லாவியோ புதுக்குடியிருப்போ எதுவானாலும் ஓபிடியில் தொடங்குங்கள். அங்கே துண்டு எழுதிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கிளினிக் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், தவறிப் போய் வெறுங்கையோடு பஸ் ஏறித் திரும்புவது பெரிய அலைச்சல். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை.

வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது எப்படிச் சொல்வது என்பதுதான் பலருக்கும் பெரிய மலை. சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்டவேண்டிய வீக்கம் ஒன்று, தனியாகச் சொல்கிறேன் என்றால் போதும். உள்ளே போனதும் விதைப்பையில் வீக்கம் என்று நேரே சொல்லுங்கள். வயிற்று நோ, இடுப்பு நோ என்று சுற்றி வளைத்தால் இரைப்பைக்கு மருந்து தந்து அனுப்பிவிடுவார்கள், பெரியப்பாவுக்கு ஒரு தடவை அப்படித்தான் நடந்தது. டொக்டர் பெண்ணாக இருந்தாலும், மிஸ்ஸி பக்கத்தில் நின்றாலும், அவர்கள் இதைத் தினமும் பார்க்கிறவர்கள். வேண்டுமானால் திரையை இழுத்துவிடச் சொல்லலாம், துணைக்கு ஒரு ஆணைக் கூட்டிப் போகலாம்.

எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் பெருத்தது, அடிபட்டதா, முன்பு தொடைச் சந்தில் ஒப்பரேசன் செய்ததா, இவை கேட்கப்படும். உடம்பில் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள். விதைப்பைக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்கு அதனால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனால் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் காந்தம் இரும்பை இழுக்கும் என்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கான் வலிக்காது, குளிரான ஜெல் பூசி மேலே உருட்டுவார்கள். நீருக்குள் விதை எப்படி இருக்கிறது என்பதை அதுதான் காட்டும். இருபது, முப்பது வயது ஆட்களுக்கு நீர் புதிதாகக் கட்டியிருந்தால் ஸ்கானைத் தவற விடவே கூடாது, விதையில் வருகிற புற்றுநோய் அந்த வயதில்தான் கூட. நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிற நோய் அது.

வைத்தியம்

சின்னதாக, தொந்தரவில்லாமல், ஸ்கானில் விதை சுகமாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் விடலாம். ஓதம் தானாகப் புற்றாக மாறாது, ஆண்மையைப் பறிக்காது, பிள்ளை பிறப்பதையும் பொதுவாகத் தடுக்காது. இறுக்கமான ஜட்டி போட்டால் பாரம் குறையும். நம் தாத்தாமார் வயலுக்குக் கோவணம் கட்டிப் போனது இந்த விஷயத்தில் நல்ல வழக்கம்தான். சேற்றிலும் வியர்வையிலும் நிற்கிறவர்கள் தொடைச் சந்தைக் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள், வீங்கிய தோல் உரசிப் புண்ணாகினால் அது வேறு வில்லங்கம்.

கழற்சிக்காய்ப் பருப்பை அரைத்து விளக்கெண்ணெயில் குழைத்துப் பற்றுப் போடுவது பழைய கைவைத்தியம். பெரியப்பாவும் போட்டார், தோல் வெந்து உரிந்ததுதான் மிச்சம், உள்ளே இருந்த நீர் அப்படியே இருந்தது. சுடு ஒற்றணமும் வேண்டாம். நாட்டு மருந்தில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த உறைக்குள் நீர் வற்றுமளவுக்கு மேலே பூசுகிற எதுவும் போய்ச் சேராது. வற்றவைக்கிற ஆங்கில மருந்துக் குளிசையும் இல்லை.

ஊசியால் நீரை எடுப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெரியப்பா ஒரு இடத்தில் யாருக்கும் சொல்லாமல் போய் ஊசியால் எடுத்துவிட்டு வந்தார். வந்த அன்று சந்தோஷம். இரண்டு மாதத்தில் பழைய அளவுக்கே நிறைந்துவிட்டது, ஏனென்றால் நீரைச் சுரக்கும் உறை அங்கேதான் இருக்கிறது. குளத்தை வாளியால் இறைத்துவிட்டு வரத்து வாய்க்காலைத் திறந்து வைத்த மாதிரி. அதோடு ஊசியால் கிருமி போகலாம், உள்ளே இரத்தம் கசியலாம், அது குடலாக இருந்தால் குடலில் குத்தலாம், கட்டியாக இருந்தால் புற்றைப் பரப்பலாம். ஸ்கான் இல்லாமல் ஊசி குத்த யாரையும் விடாதீர்கள். ஒப்பரேசனைத் தாங்க முடியாத வயோதிபர்களுக்கு மட்டும், நீரை எடுத்துவிட்டு உறையை ஒட்டவைக்கும் மருந்தை உள்ளே செலுத்துவதுண்டு, அதை நிபுணர்தான் தீர்மானிப்பார்.

பெரிதாகி நடை, வேலை, தாம்பத்தியம் எல்லாவற்றையும் குழப்பினால் ஒப்பரேசன்தான் சரியான வழி. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள், அல்லது மயக்குவார்கள். விதைப்பையில் சின்னதாக வெட்டி நீரை வெளியேற்றி, உறையைச் சட்டைக் கை மடிப்பதுபோல் வெளிப்புறமாகப் புரட்டித் தைப்பார்கள், சிலருக்கு ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். விதையை எடுப்பதில்லை. இதைப் பெரியப்பாவுக்கு யாரும் முதலே சொல்லியிருந்தால் ஏழு வருடத்தில் ஆறு வருடமாவது மிஞ்சியிருக்கும்.

ஸ்கானை அறுவடைக்காகத் தள்ளாதீர்கள். ஸ்கானில் பயமில்லை என்றால் ஒப்பரேசன் திகதியை மட்டும் காலபோக அறுவடைக்குப் பிறகு கேட்டு வாங்கலாம். அஸ்பிரின், வோபரின், குளோபிடோகிரல் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை குடிக்கிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறாது, அதை முதலில் சரிப்படுத்துவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் பயப்பட வைப்பது வீக்கம். நீரை எடுத்த பிறகும் விதைப்பை கிட்டத்தட்ட பழைய பருமனில், நீலம் பாரித்து, தடித்துப்போய் இருக்கும். ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், வடிய வாரக்கணக்கில், பெரியதாக இருந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும்.

படுக்கும்போது ஒரு துவாயைச் சுருட்டித் தொடைகளுக்கு நடுவில் வைத்து விதைப்பையை அதன்மேல் தூக்கி வையுங்கள். பெரியம்மா பழைய சாரம் ஒன்றை நாலாக மடித்து வைத்தார், அதுவே போதுமாக இருந்தது. எழுந்து நடக்கும்போது இறுக்கமான ஜட்டி, இரவும் பகலும், முதல் இரண்டு கிழமையாவது. முதல் இரண்டு நாளும் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம், தோலில் நேரே வைக்காதீர்கள். வலிக்குப் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது, ஈரல் வருத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள். குளிப்பது எப்போது என்று வார்டில் சொல்வார்கள், கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றலாம், குளத்தில் இறங்குவதும் வயல் சேற்றில் நிற்பதும் புண் முழுதாக ஆறும்வரை வேண்டாம். மலச்சிக்கல் வராமல் தண்ணீரும் பழமும் சேருங்கள், முக்கினால் நோகும்.

நாலு முதல் ஆறு கிழமைக்கு மூட்டை, மண்வெட்டி, உழவு இயந்திரம் மூன்றையும் மறந்துவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் எங்கள் கிறவல் ரோட்டில் போவதும் அதே கணக்கில்தான். தாம்பத்தியத்துக்கு வலி முழுதாகப் போகும்வரை பொறுங்கள், கிளினிக்கில் வெட்கப்படாமல் கேட்கலாம்.

முதல் ஓரிரு நாளில் வீக்கம் வேகமாகக் கூடி இறுகினால், கட்டு இரத்தத்தில் நனைந்துகொண்டே இருந்தால், காய்ச்சல் வந்தால், சீழ் வடிந்தால், சலம் போகாமல் அடைத்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் திரும்பிப் போங்கள். சிலருக்குத் திரும்ப நீர் கட்டுவதும் உண்டு, அதிகம் இல்லை.

வீக்கம் வடிந்த பிறகு, விதையை விரலால் தெளிவாகத் தடவ முடியும், பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக. மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். கடினமாக, அரிசி அளவிலானாலும் புதிதாக ஒன்று தட்டுப்பட்டால், நாள் பார்க்காமல் அதே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.